முப்பத்தொரு பேர்

புருல் தலைக்கனம் பிடித்தவள் என்று ஊரில் பெயர். சந்தையில் எதிரே வந்தால் பார்க்காதவள் போலப் போவாள். ரொட்டி வாங்கும்போதுகூடக் கடைக்காரர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டாள். ‘பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் பொண்டாட்டியே நின்னு நலம் விசாரிக்கிறா, இவளுக்கு என்னவாம்?’ என்று பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

விஷயம் வேறு. மலையூரான அக்-கெச்சூவின் காசநோய் மருத்துவமனையில் அவள் இருபத்திரண்டு வருடமாகத் தாதி. அப்படிப்பட்டவள் தெருவில் நின்று ஒருவரிடம் “எப்படி இருக்கே?” என்று கேட்டால் போதும். சாயங்காலத்துக்குள் அந்த ஆளின் தேநீர்க் கிண்ணம் வீட்டில் தனியாகப் போய்விடும். பெண் கேட்டு வந்தவர்கள் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள். அதனால் புருல் யாருக்குமே சலாம் சொல்வதில்லை. நோயாளிக்கு மட்டும் சொல்லாமல் விட்டால் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எல்லாரிடமும் அப்படியே இருந்துவிட்டாள். கெட்ட பெயரைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை.

கணவன் ரிஸ்பெக் நேர் எதிர். நரின் நகரப் பாதையில் மினிபஸ் ஓட்டுகிறவன், நாள் முழுக்கப் பேசுகிறவன். ‘கொங்ஷு’ வந்த பிறகு கேட்கவே வேண்டாம். கொங்ஷு என்றால் அவர்கள் மொழியில் அண்டை வீட்டுக்காரர். போனில் இருக்கும் அந்த ஒரே செயலியில்தான் இப்போது ஊர் நடக்கிறது. மினிபஸ்ஸில் இடம் பிடிப்பது, மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் மதிப்பெண், கல்யாண அழைப்பு, சாவு அறிவிப்பு, எல்லாம் அதில்தான். ‘அக்-கெச்சூ செய்திகள்’ என்று அதில் ஒரு குழு, ஆறாயிரம் பேர். அதை நடத்துகிறவன் ரிஸ்பெக்.

“அடி கிழவி, ஊரே கொங்ஷுல இருக்கு. நீ மட்டும் பொத்தான் போனை வச்சுக்கிட்டு எந்தக் காலத்துல இருக்கே?”

“ஊரே ஒரே வீட்டுல குடியேறிட்டீங்க சரி. அந்த வீட்டுச் சாவி யார் கையில இருக்குன்னு கேட்டீங்களா?”

“சாவியாம் சாவி! காணாமப்போன நம்ம செவலைப் பசுவை யார் கண்டுபிடிச்சுக் குடுத்தது? கொங்ஷுதானே?”

“பசுவுக்கு மறைக்க என்ன இருக்கு?”

ரிஸ்பெக் விழுந்து விழுந்து சிரித்தான். அதையும் குழுவில் போட்டான். நானூறு பேர் அதற்குச் சிரித்தார்கள்.

அந்த செப்டம்பரில் மருத்துவமனைக்கு ஐந்து புதுப் போன்கள் வந்தன. தலைமை மருத்துவர் எசென் மராத்தோவிச் புருலைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனிதர். அவள் கையில் ஒன்றைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். காசநோய் மாத்திரையை ஆறு மாதம், சிலர் அதற்கும் மேலே, தினமும் தாதியின் கண்ணெதிரே விழுங்க வேண்டும். இனி நோயாளிகள் மருத்துவமனைக்கு நடக்க வேண்டாம். வீட்டில் இருந்தபடியே விழுங்கி, அதைக் கொங்ஷுவில் படம்பிடித்து அனுப்பினால் போதும்.

“அந்தப் படமெல்லாம் எங்க போய்ச் சேருது, எசென் மராத்தோவிச்?”

“உங்க போனுக்குத்தான், எஜே.” எஜே என்றால் அக்கா. வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“வழியில?”

டாக்டர் சிரித்தார். “வழியில யாரும் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க.”

நோயாளிகளுக்கு ரொம்ப சந்தோஷம். அதிலும் அய்ஜார்கினுக்கு. மழலையர் பள்ளி ஆசிரியை, இருபத்துமூன்று வயது. நிச்சயம் முடிந்து, மாப்பிள்ளையின் தாய் தன் கையாலேயே காதில் கம்மல் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். தினமும் மருத்துவமனையின் பின்வாசல் வழியாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வருகிறவள். “இனி ஒருத்தர் கண்ணுலயும் படவேண்டாம் எஜே” என்று புருலின் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த ஒரு முகத்துக்காகத்தான் புருல் சம்மதித்தாள்.

தனக்குத் தெரிந்த அளவு ஜாக்கிரதையாகவும் இருந்தாள். முப்பத்தொரு நோயாளிகள். போனில் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் போட்டு அவர்களுடைய தொலைபேசி எண்களைச் சேர்த்தாள். கொங்ஷுவைத் திறந்ததும் அது கேட்டது: உங்கள் தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா? ‘இல்லை’ என்று அழுத்தினாள். மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள், மறுபடி கேட்டது. மூன்றாம் தடவை டாக்டர் கதவருகே நின்று, “எஜே, ‘சரி’ன்னு அழுத்துங்க, எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க” என்றார். அழுத்தினாள். நோயாளிகளுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்று வெள்ளைத் தொப்பி அணிந்த அவள் படத்தையும் அதில் போட்டார்கள்.

மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. காலையில் முப்பத்தொரு படங்கள் வரும். முப்பத்தொரு தொண்டைக் குழிகள் ஏறி இறங்கும்.

நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை அய்ஜார்கின் பழையபடி பின்வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“எஜே, இதைப் பாருங்க. ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’னு கொங்ஷு ஆளுங்களைக் காட்டுது. ரொட்டிக் கடை மெதெர் அண்ணன். கம்பளிக் கிடங்குக்காரம்மா. ஓய்வுபெற்ற டிராக்டர் டிரைவர் சாபிர் தாத்தா. இவங்க யாரையும் எனக்குப் பழக்கமில்ல. ஏன் இவங்களையே காட்டணும்?”

புருல் போனை வாங்கித் தள்ளிப் பார்த்தாள். மெதெர், மூன்றாம் எண். கம்பளிக் கிடங்கு, பதினேழு. சாபிர், ஒன்பது. மேலே தள்ளத் தள்ள அவளுடைய மக்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். கல்யாண மாலையோடு, குதிரை மேல், பேரக் குழந்தையை மடியில் வைத்தபடி. அவள் எழுதாமல் விட்ட பெயர்கள் அத்தனையும் முகங்களுக்குக் கீழே முழுசாக இருந்தன. கடைசியில் வெள்ளைத் தொப்பியோடு அவளே இருந்தாள்.

எல்லாருக்கும் பொதுவாக இருப்பது ஒரே ஒரு போன். அவள் கையில் இருக்கும் போன்.

உடனே முப்பத்தொரு எண்களையும் அழித்தாள். அய்ஜார்கினின் போனில் முகங்கள் அப்படியே இருந்தன. டாக்டரிடம் ஓடினாள். அவர் பார்த்தார், உதட்டைக் கடித்தார், கொங்ஷு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இயந்திரம் ஒன்று உடனே பதில் போட்டது: உங்கள் கருத்துக்கு நன்றி.

“திங்கட்கிழமை அமைச்சகத்துக்குப் பேசறேன், எஜே.”

“திங்கட்கிழமை வரைக்கும்?”

“அதுக்குள்ள யாரு கவனிக்கப் போறாங்க?”

சனிக்கிழமை ஒரு வீட்டில் தொட்டில் விருந்து. சாபிர் கிழவரும் போயிருந்தார். வேடிக்கைப் பேச்சுக்காரர், தன் நோயைப் பெண்டாட்டியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. கறியும் நூடுல்ஸும் முடிந்து தேநீர் வந்த நேரத்தில் போனை எடுத்துப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார்.

“பாருங்கடா, இந்தப் போனுக்கு எம்மேல என்ன ஆசை! ஊர் அழகிங்களையெல்லாம் கூட்டிக் கூட்டிக் காட்டுது. இந்தா மழலையர் பள்ளி டீச்சர். இந்தா கம்பளிக் கிடங்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். போன் கை மாறியது. மூன்றாவது கைக்குப் போனபோது ஒரு பெண் சொன்னாள்: “அட, இது காச ஆஸ்பத்திரி புருல் இல்ல?”

சிரிப்பு ஓரங்களிலிருந்து நடு வரை அடங்கியது. போனை வைத்திருந்தவன் மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தான். பிறகு அதைத் தரையில் விரித்திருந்த விருந்துத் துணியின் மேல் வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். சாபிருக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அதற்குள் யாரோ அந்தத் திரையைத் தன் போனில் படம்பிடித்துவிட்டார்கள்.

ஞாயிறு காலை அந்தப் படம் ‘அக்-கெச்சூ செய்திக’ளில் இருந்தது. மேலே ஒரே ஒரு வரி: உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்.

ரிஸ்பெக் அதை அழித்தான். அடுத்த நிமிடம் இன்னொருவர் போட்டார். அழித்தான். மூன்று பேர் போட்டார்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல், தேநீர் ஆறிப்போவதுகூடத் தெரியாமல், மத்தியானம் வரை அழித்துக்கொண்டே இருந்தான். மத்தியானம் யாரோ புதுக் குழு ஒன்று தொடங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் ஐயாயிரம் பேர் அங்கே போய்விட்டார்கள். ரிஸ்பெக்கின் குழுவில் மினிபஸ் நேரங்கள் மட்டும் மிஞ்சின.

“புருல், நிறுத்த முடியல” என்றான். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு அய்ஜார்கின் வீட்டுக்குப் போனாள். நான்தான் காரணம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தாள். வாய் திறப்பதற்குள் வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளையின் தாய். அய்ஜார்கினின் அம்மா புருலைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

“கோவிச்சுக்காதே மகளே” என்று அந்த அம்மாள் சொல்வது கதவு வழியாகக் கேட்டது. “உன்னைக் குறை சொல்லல. எங்க வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு.”

“ரெண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டாலே மத்தவங்களுக்கு ஒட்டாது அம்மா. எனக்கு மூணு மாசம் ஆச்சு. டாக்டரையே கேளுங்க.”

“டாக்டரைக் கேட்கலாம். ஊரை யாரு கேட்கிறது?”

புருல் கதவு இடுக்கில் பார்த்தாள். அய்ஜார்கின் தானே கம்மலைக் கழற்றி மேசைத் துணிமேல் வைத்தாள். அந்த அம்மாள் கைக்குட்டையை விரித்து, விரல் படாமல் கம்மலை அதில் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு காரியத்தைப் புருலால் கடைசி வரை மறக்க முடியவில்லை.

மறுநாள் மழலையர் பள்ளி வாசலில் தாய்மார்கள் கூடினார்கள். அய்ஜார்கின் உள்ளே போகவில்லை. மெதெரின் கடையில் காலையில் சுட்ட நான் ரொட்டிகள் சாயங்காலமும் அடுக்கு குலையாமல் கிடந்தன. அக்-கெச்சூவில் ரொட்டித் துணுக்கு தரையில் கிடந்தாலே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அந்த ஊரில் மெதெரின் ரொட்டியை யாரோ மூட்டையாகக் கொண்டுபோய் ஆற்றங்கரை நாய்களுக்குக் கொட்டினார்கள். அதையும் படம்பிடித்துப் போட்டார்கள்.

காலையில் வரும் படங்கள் முப்பத்தொன்றிலிருந்து இருபதாயின. வியாழக்கிழமை பதினொன்று. மீதிப் பேர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம். பாதியில் நிறுத்தினால் நோய் சாவதில்லை. மாத்திரையைப் பழகிக்கொண்டு எழுந்துவரும். புருல் அப்படி எழுந்து வந்ததைப் பார்த்திருக்கிறாள்.

நவம்பரில் தலைநகருக்குப் போனாள். கொங்ஷுவின் முகவரி என்று இருந்தது பிஷ்கெக்கில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடி. இரண்டு அறை, ஒரு காப்பி இயந்திரம், கம்பளிச் சட்டை போட்ட ஒரு இளைஞன். அவன் மரியாதையாகத்தான் பேசினான். நாற்காலி போட்டு உட்காரவைத்தான்.

“எஜே, நாங்க விளம்பரம் மட்டும்தான் பார்க்கிறோம். இங்க ஒண்ணும் இல்ல.”

“அப்ப அந்தப் பேரெல்லாம் எங்க இருக்கு?”

“வெளிநாட்டுல. எந்த நாடுன்னு எனக்கும் தெரியாது.”

“உனக்கு மேல யாரு?”

“என்கிட்ட பேசறவர் பேரு தெரியும். முகம் பார்த்ததில்ல.”

“என் முகம் அவருக்குத் தெரியும்டா தம்பி. எங்க ஊர்ல முப்பத்தொரு பேர் முகம் தெரியும்.”

அவன் கணினியில் எதையோ தட்டினான். திருப்பிக் காட்டினான். நாளும் நேரமும் அதில் இருந்தன. “‘சரி’ன்னு நீங்கதானே அழுத்தியிருக்கீங்க, எஜே? அப்ப நீங்கதான் குடுத்திருக்கீங்க. சட்டப்படி நாங்க எடுக்கல.”

“அழுத்தலேன்னா திறக்காதே.”

“ஆமா” என்றான் அவன். “திறக்காது.”

ஊர் திரும்பியதும் புருல் அந்தப் போனை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். ஒரு பால் கேனின் அடியில் மாத்திரைகளை வைத்து, மேலே உண்மையாகவே பாலை ஊற்றிக்கொண்டு, வீடு வீடாக நடக்க ஆரம்பித்தாள். மருத்துவமனைத் தாதி வந்தால் கதவு திறக்காது. பால்காரி வந்தால் திறக்கும். திறந்தவர்கள் அவளைப் பார்த்ததும் சாத்தப் பார்த்தார்கள். அவள் காலை நடுவில் வைத்தாள்.

சாபிர் கிழவர் திட்டித் தீர்த்தார். “எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்தே? உன் போனாலதானே எல்லாரும் நாசமாப் போனோம்!”

“ஆமா தாத்தா, என் போனாலதான். திட்டுங்க. திட்டி முடிச்சதும் முழுங்குங்க. நான் பார்த்துட்டுப் போகணும்.”

கிழவர் அழுதுகொண்டே விழுங்கினார். “அந்தப் படத்தை நான்தான் காட்டினேன் புருல். நான்தான் காட்டினேன்.”

அய்ஜார்கின் தினமும் கதவைத் திறப்பாள், விழுங்குவாள், வாயைத் திறந்து காட்டுவாள், கதவை மூடுவாள். பிப்ரவரியில் சிகிச்சை முடிந்த நாளும் அப்படியே மூடினாள். பிறகு பெரியம்மா வீட்டுக்கு ஓஷ் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். போவதற்கு முன் போனை மாற்றினாள், எண்ணை மாற்றினாள். புது எண்ணில் கொங்ஷு அவளுக்கு முதல் நாளே புருலைக் காட்டியதாம்.

அந்தக் குளிர்காலத்தில் புருல் இருபத்தாறு பேரைத் திரும்பப் பிடித்தாள். ஐந்து பேர் கை நழுவிப் போனார்கள். அதில் மெதெர் ஒருவன்.

அவன் கடையைப் பூட்டிவிட்டு வேலை தேடி ரஷ்யாவுக்குப் போயிருந்தான். அவன் மனைவியிடம் எண் வாங்கி, புருல் தன் பழைய பொத்தான் போனிலிருந்து கூப்பிட்டாள்.

“எஜே, இருமலே இல்ல. நல்லாத்தான் இருக்கேன்” என்றான் மெதெர். பின்னால் பல பேர் பேசும் சத்தம்.

“எத்தனை பேர் ஒரே இடத்துல இருக்கீங்க?”

“சரக்கு ஏத்தற இரும்புப் பெட்டிதான் அறை. பதினோரு பேர்.”

“அவங்ககிட்ட சொன்னியா?”

“சொல்லி?” என்றான் அவன். “இங்கயும் எல்லார் போன்லயும் கொங்ஷு இருக்கு, எஜே.”

ரிஸ்பெக் மினிபஸ் ஓட்டிகளின் வழியாக, ஒருவரிடமிருந்து ஒருவராக, மாத்திரைப் பொட்டலத்தை ரஷ்யா போகும் பேருந்து வரை சேர்த்தான். அந்தக் காரியத்தை அவன் யாரிடமும் பேசவில்லை, எதிலும் போடவில்லை. முதல் பொட்டலம் கிடைத்தது என்று செய்தி வந்தது. இரண்டாவதற்குப் பதில் இல்லை. மூன்றாவது பிரிக்காமல் திரும்பி வந்தது.

ஏப்ரலில் மெதெரையே கொண்டுவந்தார்கள். பேருந்தின் பின் இருக்கையில் படுக்கவைத்து, இரண்டு கம்பளி போர்த்தி. ரொட்டி மாவைத் தூக்கித் தந்தூரில் அறைகிற தோள் இருந்த இடத்தில் இப்போது எலும்புதான் இருந்தது. எடுத்த சளியைத் தலைநகருக்கு அனுப்பினார்கள். பழைய மாத்திரைகள் எதுவும் இனி அவனிடம் வேலை செய்யாது என்று பதில் வந்தது. எசென் மராத்தோவிச் அந்தத் தாளைப் புருலிடம் நீட்டினார்.

“அந்த அறையில அவனோட இருந்த பத்துப் பேர்?” என்று கேட்டாள் புருல்.

“யாரு, எந்த ஊர்னு அவனுக்கே சரியாத் தெரியல, எஜே. கொங்ஷுல தேடலாம்...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மே மாதம் அமைச்சகத்திலிருந்து விசாரணைக் குழு வந்தது. மூன்று பேர், இரண்டு நாள் இருந்தார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள். தாதி புருல், நோயாளிகளின் விவரங்களைக் கையாள்வதில் போதிய கவனம் செலுத்தவில்லை என்று எழுதினார்கள். அவளுக்கு ஒரு எச்சரிக்கை. கொங்ஷுவின் பெயர் அந்த அறிக்கையில் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது: சிகிச்சையை எளிதாக்கிய நவீன வசதி என்று.

இலையுதிர் காலத்தில் புது உத்தரவு. இனி நோயாளிகள் மட்டுமல்ல, அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் எல்லாரும், குழந்தைகள் உட்பட, கொங்ஷுவில் முகத்தைப் பதிவு செய்யவேண்டும். அக்-கெச்சூவில் மொத்தம் நூற்றுநாற்பது பேர். பதிவு செய்யும் வேலை புருலுக்கு.

“எனக்கு முடியாது, எசென் மராத்தோவிச்.”

“நீங்க செய்யலேன்னா வேற யாராவது செய்வாங்க, எஜே. அது தெரியும்ல?”

“தெரியும். எழுதிக் குடுக்கணுமா, வாயால சொன்னா போதுமா?”

அவளைப் படுக்கைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் இடத்துக்கு நரினிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள், சுறுசுறுப்பானவள். நாலு நாளில் நூற்றுநாற்பது முகங்களையும் ஏற்றிவிட்டாள். தாய்மார்கள் குழந்தைகளைக் கூட்டி வந்து வரிசையில் நின்றார்கள். மருத்துவமனைக்குத் தினமும் வரவேண்டாம் என்பதில் அவர்களுக்கு நிம்மதி. போன வருடம் நடந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

படுக்கைப் பிரிவில் எட்டுக் கட்டில்கள். வருடக்கணக்கில் அதில் மூன்றோ நாலோதான் நிரம்பியிருக்கும். இப்போது ஏழு நிரம்பியிருந்தன. ஜன்னலோரம் மெதெர். அவனுக்குப் பக்கத்தில் வேறு மாவட்டத்திலிருந்து வந்த இருவர். அவர்களைப் பார்த்ததும் மெதெர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதிலிருந்தே அவர்கள் எந்த இரும்பு அறையிலிருந்து வருகிறார்கள் என்று புருல் புரிந்துகொண்டாள்.

முதல் நாள் காலை அவள் உள்ளே நுழைந்து சலாம் சொன்னாள். ஓரிருவர் முனகினார்கள். ஏழு பேர் கையிலும் போன். இருமல் வரும்போது மட்டும் அதைத் தாழ்த்தினார்கள், பிறகு மறுபடி முகத்துக்கு நேரே உயர்த்தினார்கள். அறைக் காற்று கனத்துக் கிடந்தது. அவள் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டே போனாள். மலைப் பக்கமிருந்து பனிக் குளிர் உள்ளே பாய்ந்தது. கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.